நிலத்தில் முதலீடு செய்யத் தொடங்குபவர் வழிகாட்டியை எங்கே தேடுவது?

செங்கைப் புதியவன்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். சேமிப்பிலிருந்து 20 லட்சம் ரூபாயைச் செங்கல்பட்டு மாவட்டத்தில் மனையில் போடலாம் என்று எண்ணுகிறேன். குடியிருப்பதற்காக வாங்கவில்லை. சில ஆண்டுகள் வைத்திருந்து விற்று, அதில் கிடைக்கும் பணத்தையும் பழக்கத்தையும் கொண்டு அடுத்ததை வாங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் நிலம் வாங்கி விற்றதில்லை என்பதால், கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆளில்லை.

அண்மையில் ஓர் ஓட்டலில் நடந்த இலவசக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். பேசியவர் தம் வளர்ச்சியைப் பற்றி விரிவாகச் சொன்னார். முடிவில், ஓராண்டு தனிப்பட்ட வழிகாட்டலுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டணம் என்றும், அன்றே கட்டுபவர்களுக்குப் பாதித் தொகை என்றும், சேருபவர்களுக்குத் தம்முடைய மனைப்பிரிவில் முதல் வாய்ப்பு உண்டு என்றும் அறிவித்தார். நான் கட்டவில்லை. ஆனால் வழிகாட்டி ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் மட்டும் வலுப்பட்டிருக்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் தங்கள் வழிகாட்டியை எப்படிக் கண்டடைந்தீர்கள்? அவர் சரியானவர்தானா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்தீர்கள்?

தாம்பரம் வழக்கறிஞர்

நீங்கள் எழுதியதிலேயே விடையின் பாதி இருக்கிறது. வழிகாட்டவும் செய்வேன், என் மனையையும் விற்பேன் என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பனையாளர். அதில் தவறு ஏதுமில்லை. ஆனால் அவர் சொல்லும் ஆலோசனையை விற்பனையாளரின் பேச்சாகவே எடைபோட வேண்டும். நீங்கள் ஒரு மனையை வாங்காமல் விட்டால் நட்டப்படும் ஒருவர், அதை வாங்காதீர்கள் என்று எப்படிச் சொல்வார்?

பங்குச் சந்தையில் கட்டணம் பெற்று முதலீட்டு ஆலோசனை சொல்ல செபி எனும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவு பெற வேண்டும். நிலத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, திட்டத்தை நடத்துபவரையும் அதில் விற்றுக்கொடுக்கும் முகவரையும் பதிவு செய்யச் சொல்கிறது. நில முதலீட்டைக் கற்றுத்தருகிறேன் என்று மேடை ஏறுபவரை அது தொடுவதில்லை. ஆகவே அந்தப் பட்டத்தை யார் வேண்டுமானாலும் சூடிக்கொள்ளலாம். அவருடைய மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாகவோ எட்டு மனைகளுக்கு மேல் கொண்டதாகவோ இருந்தால், தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அதன் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். பதிவு செய்யப்பட்ட கிரய ஒப்பந்தம் இல்லாமல் மனை விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. உங்கள் வழிகாட்டி அந்த விதியை மதிக்கிறாரா என்பதை அவருடைய ரசீதே காட்டிவிடும்.

காஞ்சி மகள்

தம்பி, என் தந்தை ஆவண எழுத்தராக இருந்தவர். பள்ளி விடுமுறைகளில் அவர் அருகில் அமர்ந்துதான் பத்திரம் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: எனக்கு வழிகாட்டியாக இருங்கள் என்று ஒருவரிடம் போய் நின்றால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. ஒரு சொத்தின்மீது பதிவான பரிவர்த்தனைகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைக் கையில் கொண்டுபோய், இந்த மூன்றாவது பதிவு எனக்கு விளங்கவில்லை என்று கேட்டால், வேலையை நிறுத்திவிட்டுச் சொல்லித்தருவார். என் தந்தை அப்படிப் பலருக்குச் சொல்லித்தந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எப்படிக் கேள்வியோடு போவது என்று காட்டுகிறேன். பதிவுத்துறை இணையதளத்தில் எவர் வேண்டுமானாலும் ஒரு சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பார்க்கலாம். அதில் ஆவண எண், ஆண்டு, ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிப்பெற்றவர், விஸ்தீரணம் எல்லாம் வரும். பட்டாவில் ஒரு சர்வே எண்ணின் பரப்பு 0.40.50 ஹெக்டேர் என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 100 சென்ட். வில்லங்கத்தில் அதே உரிமையாளர் ஒருவருக்கு 40 சென்ட், பிறகு இன்னொருவருக்கு 35 சென்ட், கடைசியாக வேறொருவருக்கு 40 சென்ட் கிரயம் செய்திருக்கிறார். கூட்டினால் 115 சென்ட் வருகிறது. மூன்று பத்திரங்களும் முறையாகப் பதிவானவைதான், முத்திரைத்தாளிலும் குறையில்லை. ஆனாலும் கடைசியாக வாங்கியவர் கையில் இருக்கும் பத்திரத்தில் 15 சென்டுக்கு மண் இல்லை. இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. பொறுமையாக ஒரு தாளில் வரிசையாக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் வாங்கப்போகும் மனை 112/3ஏ என்று உட்பிரிவானதாக இருந்தால், அந்த எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டால் உட்பிரிவுக்கு முந்தைய பரிவர்த்தனைகள் வராமல் போகலாம். தாய் எண்ணான 112/3க்கும் சேர்த்துப் போட வேண்டும். கணினியில் ஏறாத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து வாங்க வேண்டும். பதிவு செய்யாத உயிலோ, வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையோ, நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கோ வில்லங்கத்தில் தெரியாமல் போகக்கூடும். 'வில்லங்கம் நில்', அதாவது எதுவும் இல்லை என்று வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவரிடம் கற்றுக்கொள்ள அதிகம் இருக்காது.

கொங்குத் தரகர்

சூலூர்ப் பக்கத்தில் நீண்ட காலமாகத் தரகு செய்து வருகிறேன். வழக்கறிஞர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் தரகர் என்றாலே ஒதுங்க வேண்டும் என்ற எண்ணம் இந்தத் தம்பிக்கு வந்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். ஊருக்குள் இருக்கும் தரகருக்குத் தெரிவது பத்திரத்தில் இருக்காது. எந்தக் காட்டில் ஐப்பசியில் தண்ணீர் நிற்கும், எந்தத் தடம் பக்கத்துத் தோட்டக்காரர் மனமிரங்கி விட்டது, எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் எங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு முறை, அண்ணன் தம்பி மூவரும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்த பூர்வீக நிலம் ஒன்று வந்தது. பட்டாவும் அவர்கள் மூவர் பெயரில்தான் இருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரு தங்கை இருப்பது எனக்குத் தெரியும் என்பதால், அந்த அம்மாவின் கையெழுத்து இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று வாங்க வந்தவரிடம் சொல்லிவிட்டேன். வியாபாரம் நடக்கவில்லை, கமிஷனும் வரவில்லை. அவர் இன்றைக்கும் நிலம் பார்க்க வேண்டுமென்றால் எனக்குத்தான் அழைக்கிறார். எங்கள் பிழைப்பே மறுபடி வருபவர்களை நம்பித்தான் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். உங்கள் கொள்முதலில் கமிஷன் பெறாத ஒரு தரகரிடம், இந்த இடத்தை எனக்காக வந்து பாருங்கள், உங்கள் நேரத்துக்கு இவ்வளவு தருகிறேன் என்று வெளிப்படையாகப் பேசுங்கள். பக்கத்து ஊர்த் தரகராக இருந்தால் இன்னும் நல்லது. விலை சரியா என்று கேளுங்கள். அவர் சொல்லும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே நிலவரம் புரிந்துவிடும்.

தாம்பரம் வழக்கறிஞர்

தரகர் நண்பர் சொன்ன தங்கையின் நிகழ்வு மிக முக்கியமானது. தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் செயலுக்கு வந்த திருத்தம், அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்கு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கைக் கொடுத்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் திருமணமான மகள்களுக்கும் அதை விரித்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 20.12.2004க்கு முன் முறைப்படி நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளும் விற்பனை போன்ற உரிமை மாற்றங்களும் மட்டும் அசைக்கப்படவில்லை. பட்டாவில் பெயர் இல்லை என்பதால் மகளுக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடாது. இதைத் தரகர் ஊர்ப் பழக்கத்தால் அறிந்திருந்தார்; நான் சட்டப் புத்தகத்தால் அறிந்திருக்கிறேன். வாங்குபவருக்கு இருவரும் தேவை.

மதுரை ஆசிரியை

இங்கே எழுதுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கறிஞரோ தந்தையோ இருக்கிறார்கள். யாரையும் தெரியாதவர்களுக்குக் கட்டண வகுப்புதான் முதல் வாசல் என்பதையும் ஏற்க வேண்டும். நான் சேர்ந்த வகுப்பை நடத்தியவர் பதிவுத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கட்டணம் மிகக் குறைவு. அவர் எந்த மனையையும் விற்கவில்லை, எந்த நிறுவனத்தையும் பரிந்துரைக்கவும் இல்லை. அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு என்றால் என்ன, குடும்பத்துக்குள் எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்டுக்கும் கிரயத்துக்கும் என்ன வேறுபாடு, ஒருவர் தமக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் உண்மையான ஆவணங்களைத் திரையில் காட்டி விளக்கினார். பெண்கள் தனியாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் விவரம் கேட்பது இன்றும் எளிதாக இல்லை என்பதால், அந்த வகுப்பில் கிடைத்த தெளிவு எனக்குப் பெரிய துணையாக இருந்தது. 1.4.2025 முதல் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்துகளைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணம் சொத்து மதிப்பில் ஒரு சதவீதம் குறைகிறது என்பதையும் அங்குள்ள தோழிகள் வழியாகத்தான் அறிந்தேன். எனவே கட்டணம் வாங்குகிறார் என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செங்கைப் புதியவன்

மிக்க நன்றி. அக்கா சொன்னபடி நான் பார்த்து வைத்திருந்த மனையின் தாய் எண்ணுக்கு வில்லங்கம் எடுத்தேன். பல பக்கங்கள் வந்திருக்கின்றன. ஒரு சந்தேகம் இருக்கிறது. அனுபவமுள்ள முதலீட்டாளர் ஒருவருடன் நட்பு ஏற்பட்டிருக்கிறது. அவர் எங்கள் சிலரைச் சேர்த்து ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் போட்டு ஒரு ஏக்கர் வாங்கலாம், பத்திரம் தம் பெயரில் இருந்தால் விற்கும்போது எளிது, லாபத்தைப் பிரித்துக்கொள்ளலாம், அதிலேயே நீங்கள் தொழிலையும் கற்றுக்கொள்ளலாம் என்கிறார். அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. இது நல்ல வழியா?

துபாய்வாசி

வேண்டாம் நண்பரே. இங்கே என் அறையில் தங்கியிருந்தவர் ஒருவர் இதே போன்ற ஏற்பாட்டில் பணம் போட்டார். நிலம் இன்றும் இருக்கிறது, விலையும் ஏறியிருக்கிறது. ஆனால் பத்திரத்தைத் தம் பெயரில் வைத்திருந்தவர் காலமானபின் அவருடைய வாரிசுகள் எங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். யாரும் ஏமாற்ற நினைத்துத் தொடங்கவில்லை என்பதுதான் இதில் வேதனை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வகை அழைப்பு மிக அதிகமாக வருகிறது.

தாம்பரம் வழக்கறிஞர்

நேரடியாகவே சொல்கிறேன். ஒருவர் பணம் கொடுக்க, அவருடைய நலனுக்காகவே இன்னொருவர் பெயரில் சொத்து வாங்கப்பட்டால், அது பினாமி பரிவர்த்தனை ஆகிவிடும் ஆபத்து உண்டு. 1988ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் 2016இல் மிகக் கடுமையாக்கப்பட்டது. அந்தச் சட்டத்தில் சிக்கினால், பணம் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போய் இந்தச் சொத்து உண்மையில் என்னுடையது என்று கேட்கவே முடியாது. சொத்தை அரசே எடுத்துக்கொள்ளவும் வழியிருக்கிறது. அந்த நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் நிலை அதுதான்.

சேர்ந்து வாங்க விரும்பினால், பணம் போடும் அனைவர் பெயரையும் கிரயப் பத்திரத்தில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பிரிபடாத பாகம் எவ்வளவு என்று அதிலேயே குறிப்பிடுங்கள். யார் எப்போது விற்கக் கேட்கலாம், ஒருவர் விலகினால் மற்றவர்கள் எந்த விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று தனி ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இதை அவரிடம் கேளுங்கள். மனமுவந்து ஒப்புக்கொண்டால், அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று நானே சொல்வேன்.

திருச்சி கணக்காளர்

வழிகாட்டியைச் சோதிக்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் பரிந்துரைப்பேன்: நீங்கள் விற்று வெளியே வந்த ஒரு நிலத்தின் கணக்கைக் காட்ட முடியுமா? வாங்கியதைப் பற்றிப் பேசுபவர்கள் மிகப் பலர். விற்க எத்தனை மாதம் ஆனது, கையில் என்ன நின்றது என்று சொல்பவர்கள் குறைவு.

உங்கள் 20 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்ற வரியும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1.80 லட்சம். வழிகாட்டி மதிப்பு நீங்கள் கொடுக்கும் விலையைவிட அதிகமாக இருந்தால் அதன்மீதுதான் கணக்கிடுவார்கள். தரகு 2 சதவீதம் என்றால் 40 ஆயிரம். அடக்கம் 22.20 லட்சம் ஆகிவிட்டது. வழக்கறிஞர், நில அளவை, வேலிச் செலவுகள் இதில் சேரவில்லை. விற்கும்போதும் 2 சதவீதத் தரகு கொடுப்பதாக வைத்தால், போட்ட பணம் திரும்பி வரவே ஏறத்தாழ 22.65 லட்சத்துக்கு விற்க வேண்டும். அதற்கு மேல் கிடைப்பதுதான் லாபம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால மூலதன ஆதாயமாகக் கொண்டு 12.5 சதவீத வரி, 23.7.2024 முதல் வாங்கப்படும் நிலங்களுக்குப் வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் காட்டும் சரிக்கட்டல் கிடையாது. ஆறே மாதத்தில் விற்று லாபம் பார்க்கலாம் என்று சொல்பவர் இந்தக் கணக்கை உங்கள் முன் எழுதிக் காட்டட்டும்.

ஓய்வுபெற்ற நில அளவர்

எல்லோரும் காகிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மண்ணில் கால் வைத்துப் பார்ப்பதைச் சொல்லித்தர நில அளவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. அரசு உரிமம் பெற்ற நில அளவர் ஒருவர் எங்காவது அளக்கப் போகும்போது, நானும் வந்து டேப் பிடிக்கட்டுமா என்று கேளுங்கள். மறுக்க மாட்டார்கள், ஆள் எப்போதும் தேவைப்படும். ஒவ்வொரு புலத்துக்கும் உள்ள அளவைப் படமான புலப்படத்தில், எல்லைக் கோட்டை எஃப் லைன் என்றும், உள்ளே முக்கோணமாகப் பிரிக்கும் கோட்டை ஜி லைன் என்றும் சொல்வோம். ஒவ்வொரு கோட்டுக்கும் நீளம் எழுதியிருக்கும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு அளந்து படத்தோடு ஒத்துப்பார்த்தால், வேலி உள்ளே வந்திருக்கிறதா, கல் நகர்ந்திருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒருமுறை டேப் பிடித்தவர் அதன்பின் எந்த மனையையும் காருக்குள் உட்கார்ந்தபடி பார்க்க மாட்டார்.

கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு நிலத்தின் வகையையும் காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் மறக்காதீர்கள். பக்கத்துப் புலம் ஓடை, வண்டிப்பாதை, ஏரியின் நீர்பிடிப் பகுதியான உள்வாய் என்று எதுவாக இருந்தாலும் அதில் தெரியும். பட்டா இருக்கிறதே என்று பஞ்சமி நிலத்தை வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. 1892ஆம் ஆண்டு முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலங்கள் அவை. மற்றவர்கள் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. இன்றைய பட்டாவில் நிபந்தனை தெரியாமல் போகலாம் என்பதால், 1980களில் நடந்த நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பான யு.டி.ஆர். பணிக்கு முந்தைய பதிவேட்டையும் பார்க்கச் சொல்வேன்.

காஞ்சி மகள்

உங்கள் பக்கத்தில் அங்கீகாரம் இல்லாத மனைகளும் கலந்து விற்பனைக்கு வருகின்றன, தம்பி. சென்னை உயர் நீதிமன்றம் 9.9.2016 அன்று அவற்றின் பதிவுக்குத் தடை விதித்தபின், 2017இல் அவற்றை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. 20.10.2016க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான் அது பொருந்தும். வரன்முறை செய்து தருகிறோம், இப்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், அந்தத் தேதிக்கு முன் அந்தப் பிரிவில் பதிவான மனைப் பத்திரத்தைக் கேளுங்கள்.

செங்கைப் புதியவன்

அந்த நண்பரிடம் பேசினேன். எல்லோர் பெயரிலும் பத்திரம் என்பதற்கு அவர் உடன்படவில்லை, ஆகவே விலகிக்கொண்டேன். நட்பு தொடர்கிறது. இந்த வாரம் ஒரு நில அளவருடன் திருக்கழுக்குன்றம் பக்கம் போக ஏற்பாடாகியிருக்கிறது. வில்லங்கத்தில் உள்ள பரப்புகளை வரிசையாக எழுதிக் கூட்டினேன், சரியாக இருக்கிறது. ஆனால் 1998இல் ஒரு பவர் பத்திரத்தின் வழியாகக் கிரயம் நடந்திருப்பது எனக்கு முழுமையாக விளங்கவில்லை. இதோடு வழக்கறிஞரிடம் போகலாமா? மனைப்பிரிவு நடத்துபவர், எங்களிடம் ஏற்கெனவே சட்டக் கருத்துரை இருக்கிறது, வங்கியும் கடன் கொடுக்கிறது, தனியாக எதற்குச் செலவு என்கிறார்.

தாம்பரம் வழக்கறிஞர்

தாராளமாகப் போகலாம். அந்த 1998ஆம் ஆண்டுப் பவர்தான் உங்கள் முதல் பாடம். பவர் கொடுத்தவர் கிரய நாளில் உயிரோடு இருந்தாரா, அதற்குமுன் அதை ரத்து செய்திருந்தாரா, விற்கும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். பவரின் நகலை வாங்கிக்கொண்டு போனால், வழக்கறிஞர் உங்களை மதித்துப் பேசுவார்.

வங்கி பார்ப்பது தன் கடன் திரும்ப வருமா என்பதை. மனைப்பிரிவு நடத்துபவரின் கருத்துரை அவருக்காக எழுதப்பட்டது. அதில் பிழை இருந்தால் நீங்கள் அந்த வழக்கறிஞரைக் கேள்வி கேட்க முடியாது. ஆகவே கருத்துரை உங்கள் பெயருக்கு முகவரியிட்டு எழுதப்பட வேண்டும், பார்த்த ஆவணங்களின் பட்டியல் அதில் இருக்க வேண்டும், பார்க்கக் கிடைக்காத ஆவணங்களும் தனியாகக் குறிப்பிடப்பட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கட்டணத்தை நீங்களே நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கருத்துரையை வாங்கும் நாளில் அவருடன் அரைமணி நேரம் அமர்ந்து, ஒவ்வொரு பத்தியும் எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். என்னிடம் அப்படிக் கேட்டு வந்தவர்களை நான் ஒருபோதும் திருப்பி அனுப்பியதில்லை.